தீமைக்குத் தகப்பன் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

“ஏனுங்க, எல்லாத்தையும் ஆண்டவர்தான் படைச்சாருங்கிறீங்க. அப்படின்னா சாத்தானையும் அவருதானுங்களே படைச்சிருக்கோணும்?” நம்ம பக்கத்தில் கிறிஸ்தவர்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். டீக்கடையில் கேட்பார்கள், கல்யாண விருந்தில் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். மடக்குவதற்காகக் கேட்கிறார்கள் என்று எண்ணி நம்மவர்கள் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுவது வழக்கம். மழுப்ப வேண்டியதில்லை. இது திருச்சபைக்குள்ளேயே தொடக்க காலம் முதல் கேட்கப்பட்டு வரும் கேள்வி. கடவுளுக்குத் தீமையை நீக்க மனம் இருந்தும் வல்லமை இல்லையா, வல்லமை இருந்தும் மனம் இல்லையா, இரண்டும் இருந்தால் தீமை ஏன் இன்னும் இருக்கிறது? கிரேக்க அறிஞர் எப்பிக்கூரஸின் பெயரால் வழங்கும் புதிர் இது. அவருடைய புத்தகங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. இந்தப் புதிரை எழுதிவைத்து நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்டான்ஷியஸ். எதிர்க்கட்சி வக்கீலின் கேள்வியை நம் கட்சிக்காரரே பத்திரப்படுத்தியிருக்கிறார்.

இதற்கு எல்லாருக்கும் முதலில் தோன்றும் விடை, நல்லதுக்கு ஒரு கடவுள், கெட்டதுக்கு ஒரு கடவுள் என்பது. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் மானி என்பவர் இதை ஒரு பெரிய சமயமாகவே வளர்த்தார். ஒளி ஒரு அரசு, இருள் ஒரு அரசு, இரண்டும் ஆதியிலிருந்தே உண்டு, இரண்டுக்கும் ஓயாத சண்டை. கேட்க எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! கடவுள் மேல் பழியில்லை, நம் மேலும் பழியில்லை. வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில், 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீன் என்ற அறிவாளி வாலிபன் ஒன்பது ஆண்டுகள் இந்த மானியின் கூட்டத்தில்தான் இருந்தான்.

பிறகு வெளியே வந்து ஆயராகி (பிஷப்பாகி), தன் பழைய வாழ்க்கையை எழுதும்போது, பதினாறு வயதில் தோழர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். பெண் சகவாசம் பற்றியெல்லாம் சொல்ல நிறைய வைத்திருந்தவர், போயும் போயும் பேரிக்காய்த் திருட்டையா இப்படித் துருவுவது என்று படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் அவருடைய மூளை அங்கேதான் வேலை செய்கிறது. பசிக்காகத் திருடவில்லை. அதைவிட நல்ல பழம் அவரிடமே இருந்தது. திருடியதில் பெரும்பங்கைப் பன்றிகளுக்கு வீசிவிட்டார்கள். கூடாது என்பதால் செய்தோம், அதுதான் ருசி என்கிறார். இருளின் அரசன் யாரும் வந்து கையைப் பிடித்து இழுக்கவில்லை. விருப்பமே வளைந்துபோயிருந்தது.

இதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம், தீமைக்குத் தனக்கென்று ஒரு பொருள் கிடையாது என்பது. இருப்பதெல்லாம் நல்லது, அந்த நல்லதில் ஏற்படும் குறையும் கேடும்தான் தீமை. அவரே ஒரு உதாரணம் சொல்கிறார். புண் ஆறுகிறது. ஆறினால் அந்தப் புண் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை, வேறொரு உடம்பைத் தேடிக் குடியேறுவதும் இல்லை. இல்லாமலே போகிறது. உடம்புதான் உள்பொருள், புண் அதில் நேர்ந்த கேடு.

பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் “தீமை என்று ஒரு பொருளே இல்லை” என்று சொன்னால் அடிக்க வருவார், வர வேண்டியதுதான். குறைதானே என்று அகுஸ்தீனும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணில்லாத குறை பொய்யா என்ன? அவர் மறுப்பது தீமைக்கு ஒரு தனிப் பட்டா கொடுப்பதைத்தான்.

கோவை பெரிய கடைவீதியில் உள்ள கத்தோலிக்கப் பேராலயம் மிக்கேல் அதிதூதரின் பெயரால் அமைந்தது. மிக்கேல் சுரூபத்தை எங்கே பார்த்தாலும் கையில் வாளோ ஈட்டியோ இருக்கும், காலடியில் சாத்தான் கிடப்பான். வேதத்தின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டின் 12ஆம் அதிகாரத்துக் காட்சி அது. அந்தப் போரில் சாத்தானுக்கு எதிரே நிற்பது கடவுள் இல்லை, இன்னொரு தூதர். கடவுளுக்குச் சமமாக நின்று மோதும் தகுதி சாத்தானுக்குத் தரப்படவே இல்லை. அவனும் படைக்கப்பட்டவன், கெட்டுப்போனவன், அவ்வளவுதான். கூட்டம் போட்டுப் பேய் ஓட்டும் சில பிரசங்கிமாரின் பேச்சைக் கேட்கும்போது, இவர்கள் அறியாமலே மானியின் கட்சியில் சேர்ந்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம் வருவதுண்டு. ஆண்டவர் பெயரைவிடப் பிசாசின் பெயர்தான் அதிகம் அடிபடுகிறது.

பேரூரும் அவிநாசியும் கொடுமுடியும் உள்ள நாட்டில் இருந்துகொண்டு சைவ சித்தாந்தத்தைத் தொடாமல் இதைப் பேசக் கூடாது. பதி என்கிற இறைவன், பசு என்கிற உயிர், பாசம் என்கிற கட்டு மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். உயிரைப் பற்றியிருக்கும் ஆணவம் என்ற அழுக்குக்கு, அதாவது ஆணவ மலத்துக்கு, தொடக்கம் கிடையாது. ஆகவே அதை யார் தொடங்கினார்கள் என்ற கேள்வியே அங்கே எழாது. தர்க்கத்தில் அது பெரிய வசதி. கிறிஸ்தவத்துக்கு அந்த வசதி இல்லை. படைத்தவை எல்லாம் மிகவும் நன்றாக இருந்தன என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே சொல்லிவிடுவதால், தீமை பின்னால் வந்தது என்றாகிறது. பின்னால் வந்தது என்றால் எப்படி வந்தது என்று கேட்கத்தானே செய்வார்கள்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாத்தானுடைய முழுக் கதையும் வேதத்தில் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஏதேன் தோட்டத்தில் ஏவாளிடம் பேசிய பாம்பைச் சாத்தான் என்று ஆதியாகமம் எங்கும் சொல்லவில்லை. அந்தப் பழைய பாம்பு பிசாசுதான் என்று வெளிப்படையாகச் சொல்வது வேதத்தின் கடைசிப் புத்தகம். ஏசாயா 14இல் வானத்திலிருந்து விழும் விடிவெள்ளி, அந்த அதிகாரத்திலேயே பாபிலோன் அரசனைக் குறித்துப் பாடும் ஏளனப் பாட்டு. எசேக்கியேல் 28 தீரு நகரத்து அரசனைப் பற்றியது. திமிர் பிடித்த இந்த இரண்டு ராஜாக்களின் பாட்டிலும் ஒரு தூதனின் வீழ்ச்சியைப் பிற்காலத்து உரையாசிரியர்கள் கண்டார்கள். காணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூதன் விழுந்தான் என்றே வைத்துக்கொண்டாலும், நல்லவனாகப் படைக்கப்பட்டவன் ஏன் விழுந்தான் என்ற முடிச்சு அப்படியே கிடக்கிறது. சுதந்திரம் கொடுத்தார், அதைத் தவறாகப் பயன்படுத்தினான் என்பது பெரும்பான்மைக் கிறிஸ்தவ விடை. நம் காலத்தில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா 1970களில் இந்த விடையைத் தர்க்க முறையில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கெட்டிதான். ஆனாலும் அது மனிதன் செய்யும் கொடுமைக்கு நன்றாகப் பொருந்துகிற அளவுக்கு, பெய்யாமல் போன மழைக்குப் பொருந்துவதில்லை.

மழையைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொன்று: ஆதி மனிதன் ஆதாமின் பாவம் பிறக்கும்போதே எல்லாரையும் பற்றுகிறது என்கிற, ‘ஜென்மப் பாவம்’ என்ற போதனை. ஆதாம் செய்ததற்கு நேற்றுப் பிறந்த குழந்தை என்ன செய்யும்? அகுஸ்தீன் தம் பிற்காலத்தில் பெலாஜியஸ் என்ற துறவியோடு வாதாடியபோது, ஆதாமின் குற்றத்திலேயே எல்லாரும் பங்குள்ளவர்களாகப் பிறக்கிறார்கள் என்கிற எல்லை வரை போனார். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகள் போன்ற கீழைத் திருச்சபைகள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆதாமிடமிருந்து சாவும் பலவீனமும் வந்தன, குற்றம் அவரவருடையது என்றே அவை போதிக்கின்றன. அகுஸ்தீனுக்கு இருநூறு ஆண்டு முந்தின லியோன் நகரத்து ஆயர் இரேனேயுஸ், ஆதாமையே வளராத பிள்ளையாகத்தான் பார்த்தார். எனக்கு அகுஸ்தீன் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் கீழைச் சபைகள் பக்கம்தான் நிற்பேன். அப்பன் புளிப்பைத் தின்றால் பிள்ளைக்குப் பல் கூசுமா, அந்தப் பழமொழியை இனிச் சொல்லாதீர்கள் என்று எசேக்கியேல் 18இல் ஆண்டவரே கண்டிக்கிறார்.

ஆனால் பல் கூசத்தான் செய்கிறது என்பதற்கு நொய்யல் ஆற்றங்கரையில் சாட்சி இருக்கிறது. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து அதில் தேங்கியது. கீழே கிணறு உப்பாயிற்று, தென்னை காய்ந்தது, குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்து வர வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனது. இதில் யார் குற்றவாளி? பட்டறைக்காரரைக் கேட்டால் ஆர்டர் கொடுத்தவன் விலையைக் கூட்டித் தருவதில்லை என்பார். ஆர்டர் கொடுத்தவனைக் கேட்டால் வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவனைக் காட்டுவான். பட்டறையில் கூலிக்குப் போனவருக்கு அதுதான் சோறு. ஆற்றைக் கொல்ல வேண்டும் என்று ஒருவரும் காலையில் எழுந்து புறப்படவில்லை, ஆறு செத்தது. அந்தக் கரையில் பிறந்த குழந்தை ஒரு பாவமும் செய்யவில்லை, ஆனால் பிறக்கும்போதே அதன் கிணறு கெட்டிருந்தது. வளர்ந்து அதே பட்டறையில் வேலைக்கும் சேர்ந்திருக்கும். லத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968இல் மெதயின் நகரில் கூடியபோது பாவத்தை இந்தக் கோணத்தில் பேசினார்கள். போப் இரண்டாம் ஜான் பால் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாவத்தின் கட்டமைப்புகள் என்றே எழுதினார். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவரும் தாம் பாவம் செய்வதாக நினைத்திருக்க மாட்டார், வழக்கப்படி நடந்ததாகத்தான் நினைத்திருப்பார். கிறிஸ்தவர்களாகிய நாமும் சாதியைச் சபைக்குள் கொண்டுபோய்ப் பெஞ்சு போட்டு உட்கார வைத்தவர்கள்தான். ஜென்மப் பாவம் என்ற போதனையை அபத்தம் என்று தள்ளுகிறவர்கள், சாதி ஒரு குழந்தையைப் பிறந்த அன்றே எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

சரி, மழை. 1876இலிருந்து 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பேச்சில் வந்த பஞ்சம், சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்களையும் உலுக்கியது. மழை பொய்த்தது இயற்கை. ஆனால் தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று கொள்கை பேசியதும், நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ஆங்கில அரசின் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டதும் இயற்கையா? ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோகூட இல்லை. இயற்கைத் தீமை, மனிதத் தீமை என்று இறையியல் புத்தகங்கள் இரண்டு கட்டமாகப் பிரித்துப் போடும். பட்டினி கிடந்தவருக்கு அந்தக் கோடு எங்கே தெரிந்திருக்கும்? அடுத்த தலைமுறைக்குள் பிளேக் வந்தது. கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருப்பது அந்தக் காலத்துப் பயத்துக்கு அடையாளம்.

இப்படி வரும்போது எந்தச் சமயத்தாரானாலும் நாக்கில் வருவது ஒன்றுதான். “என்ன பாவம் பண்ணுனாங்களோ!” 1755 நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள் காலை, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் நிலநடுக்கம் வந்து, பூசைக்குக் கூடியிருந்த ஜனங்கள் மேல் கோயில்கள் இடிந்து விழுந்தபோதும், இது நகரத்தின் பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள். இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று 1710இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் எழுதியிருந்தார். லிஸ்பனுக்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.

இயேசுவிடம் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இருவருடையதும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தியை அவரே எடுத்துப் பேசினார். அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா? இல்லை என்கிறார். அடுத்த வாக்கியத்தில் கேட்டவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் திரும்புங்கள் என்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் விளக்கவே இல்லை.

இதை வாசிக்கிற சபையில்தான், புற்றுநோய் என்று வந்து நிற்கும் பெண்ணிடம் “மறைஞ்ச பாவம் ஏதாச்சும் இருக்குதா, அறிக்கை பண்ணும்மா” என்று கேட்கிறார்கள். குழந்தையில்லாத தம்பதியிடம் விசுவாசம் போதவில்லை என்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் தீமையைப் பற்றிக் கிறிஸ்தவன் பேசக்கூடிய பேச்சுகளில் இதுதான் மோசமானது, ஏனென்றால் இது வேதத்தையே எதிர்த்துப் பேசுகிறது. தீமை எங்கிருந்து வந்தது என்பதற்கு வேதம் பாதி விடைதான் தருகிறது. துன்பப்படுகிறவன் மேல் பழி போடாதே என்பதை முழுசாகச் சொல்லியிருக்கிறது.

ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன், 1943இல் ஹாம்பர்க் நகரத்தின் மேல் குண்டு விழுந்தபோது பதினேழு வயதுப் பையன். பக்கத்தில் நின்ற நண்பன் செத்தான், இவர் பிழைத்தார். கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்பதைவிட, அப்போது கடவுள் எங்கே இருந்தார் என்ற கேள்விதான் அவரை விடாமல் துரத்தியது. 1972இல் அவர் எழுதிய பெரிய நூலில் சொன்னது, கடவுள் சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தார் என்பதே. இது விளக்கமாகுமா என்று கேட்டால், ஆகாது. பிளேக்கில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு இதனால் காரணம் விளங்கிவிடாது. கடவுள் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை என்று மட்டும்தான் இது சொல்கிறது.

வேதத்தில் வரும் யோபுவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொத்தும் பிள்ளைகளும் போய், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரிதான். எட்டாம் நாள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று. கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் கோபப்படுவது கூச்சலிட்டுத் தம்மையே வழக்குக்கு இழுத்த யோபுவின் மேல் இல்லை, தமக்காகப் பரிந்து பேசிய அந்த மூவர் மேல்தான். யோபுவிடமே போய் உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்புகிறார். கதையின் தொடக்கத்தில், யோபுவைச் சோதித்துப் பார்ப்பது பற்றிப் பரலோகத்தில் ஆண்டவருக்கும் சாத்தானுக்கும் நடந்த பேச்சைப் பற்றி மட்டும், நாற்பத்திரண்டு அதிகாரம் முடியும் வரை யோபுவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நன்றி, வணக்கம்.