சாஞ்சித் தோரணங்களில் அசோகர்

அவையோருக்கு வணக்கம்.

மத்தியப் பிரதேசத்துப் பௌத்தத் தலமான சாஞ்சிக்குப் போனால், பெரிய தூபியின் தெற்குத் தோரணவாயிலில் நடு உத்தரத்தை, அதாவது நடுக் குறுக்குக் கல்லை, நிதானமாகப் பாருங்கள். வலப்புறத்திலிருந்து யானை, குதிரை, காலாள் சூழத் தேரில் வருகிறவர் அசோகர். இடப்புறம் தலைக்குமேல் பல படம் விரித்த நாகர்கள், குடும்பத்தோடு பூசைப்பொருள் ஏந்தி நிற்கிறார்கள். நடுவில் இராமகிராமத் தூபி.

புத்தரின் தாது, அதாவது எரியூட்டிய பின் எஞ்சிய எலும்பும் சாம்பலும், எட்டுத் தூபிகளில் வைக்கப்பட்டது. அவற்றில் ஏழு தூபிகளைத் திறந்து, 84,000 தூபிகளுக்குப் பகிர்ந்தார் அசோகர் என்பது கதை. எட்டாவதான இராமகிராமத் தூபியைத் திறக்க நாகர்கள் விடவில்லை. அவர்கள் செய்யும் பூசைக்குத் தன் பூசை ஈடாகாது என்று கண்டு மன்னர் திரும்பினார் என்று 5ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி பாகியான் எழுதுகிறார். அந்தத் தாதுதான் பின்னர் நாகலோகத்திலிருந்து அனுராதபுரத்து மகாதூபிக்கு வந்தது என்கிறது மகாவம்சம். இவ்வளவு பெரிய சேனையைச் செதுக்கியும் சிற்பி சண்டை காட்டவில்லை. மன்னரின் புகழைவிடத் தாதுவின் பெருமையே அவனுக்குப் பெரிது.

அதே தோரணத்தின் உட்புறம், கீழ் உத்தரத்தில் ஒரு கோட்டை முற்றுகை இருக்கிறது. அதைக் கலிங்கப் போர் என்று எண்ணிவிடாதீர்கள். அது தாதுவுக்காக, புத்தர் மறைந்த குசிநகரத்தில் மூண்ட போர். வெளியே பார்க்க வேண்டிய முகம் அது. 1880களில், விழுந்துகிடந்த தோரணத்தைத் தூக்கி நிறுத்தியபோது மேல், கீழ் உத்தரங்களை முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டார்கள்.

கிழக்குத் தோரணத்தின் முன்புறக் கீழ் உத்தரம் இன்னும் உருக்கமானது. மன்னர் போதிமரத்தின் மீது வைத்த பற்றைப் பொறாத அரசி திஷ்யரட்சிதை, மந்திரம் ஏவி மரத்தை வாடச்செய்தாள். செய்தி கேட்டு அசோகர் மயங்கி விழுந்தார். அவள் மனம் மாறிப் பால் ஊற்றி மரத்தைத் தளிர்க்கச்செய்த பின், மன்னர் வழிபட வருகிறார். வலப்புறம் மண்டியிட்ட யானையிலிருந்து, குள்ளன் ஒருவன் தாங்க, அவர் இறங்குவதைப் பாருங்கள். சற்றுத் தள்ளி, மரத்தருகே அரசியோடு கைகூப்பி நிற்பவரும் அவரே. ஒரே சட்டத்தில் அடுத்தடுத்த நிகழ்ச்சிகளைச் செதுக்குவது அக்கால வழக்கம். இரண்டு மன்னர்கள் என்று எண்ணினால் கதை புரியாது. உத்தர முனைகளில் மயில்கள் உண்டு. மயிலை மௌரியரின் அடையாளம் என்பார்கள்.

சாஞ்சியில் எந்தச் சிற்பத்திலும் அசோகர் பெயர் பொறிக்கப்படவில்லை. கதையை வைத்துத்தான் அவரை இனங்காண்கிறோம். கர்நாடகத்தில், பீமா ஆற்றங்கரைக் கனகனஹள்ளியில் கிடைத்த சாதவாகனர் காலப் பலகையில் மட்டும் அந்தக் குறை தீர்ந்தது: குடையும் சாமரமும் சூழ, அரசியரோடு நிற்கும் மன்னருக்குப் பிராமி எழுத்தில் 'ராய அசோகோ' (மன்னர் அசோகர்) என்றே பொறித்திருக்கிறார்கள்.