யன்னலுக்கு முன்னால் அற்றிக்கைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. குளிர் தொடங்கினால் எங்கள் வீடுகளில் முதல் பழி யன்னல் மேல்தான் விழும். பிளாஸ்ரிக் ஒட்டுவோம். சிலர் பல ஆயிரம் டொலர் கொடுத்து யன்னலையே மாற்றுவார்கள். பிறகும் காஸ் பில் குறையாது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான் போய்ப் பார்க்கிற பழைய வீடுகளில் பெரும்பாலும் காற்று போகிற வழி வேறு: மேலே அற்றிக் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள வெளி), கீழே பேஸ்மென்ற் (நிலத்தடித் தளம்). இந்த இரண்டையும் அடைத்த பிறகு யன்னலைப் பற்றி யோசியுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

சூடான காற்று மேலே ஏறும். குழாய், வயர், பாத்ரூம் விசிறி, அற்றிக் மூடி இவற்றைச் சுற்றியுள்ள ஓட்டைகளால் வெளியேறும். போன அளவுக்குக் குளிர்காற்று கீழே பேஸ்மென்ற் வழியாக இழுபட்டு வரும். அற்றிக்கில் ஒரு அடி உயரத்துக்கு இன்சுலேசன் (சூட்டைத் தடுக்கும் பஞ்சு) கொட்டியிருந்தாலும் அது காற்றை மறிக்காது. ஸ்வெட்டர் மட்டும் போட்டுக்கொண்டு காற்றுக்குள் நின்றால் எப்படியோ, அப்படித்தான்.

எங்கள் சமையலில் ஆவி அதிகம். சோறு, புட்டு, இடியப்பம் எல்லாமே அடுப்பில் வேகிறவை. அந்த ஈரக் காற்று ஓட்டை வழியே அற்றிக்குக்குள் ஏறி, கூரைப் பலகையின் அடியிலும் ஆணி முனைகளிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மார்ச் மாதத்து வெயில் பட்டதும் உருகிச் சொட்டும். சீலிங்கில் மஞ்சள் கறை விழும். கூரை ஒழுகுகிறது என்று கூரை வேலை செய்யும் ரூஃபரைக் கூப்பிடுவார்கள். மேலே கூரை ஓடுகளான சிங்கிள்ஸ் நன்றாகவே இருக்கும். குறை பாத்ரூம் விசிறியைச் சுற்றியுள்ள அரை அங்குல இடைவெளியில் இருக்கும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கிற ஊதுபத்தி போதும். காற்று வீசும் குளிர்நாளில் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸை நிறுத்தி, யன்னல்களைப் பூட்டி, காற்றை வெளியே தள்ளும் விசிறிகளைப் போட்டுவிட்டு, பிளக் பொயின்ற், சுவர் மூலை, குழாய் நுழையும் இடம் என்று பத்தியைக் கொண்டுபோங்கள். புகை சாய்கிற இடம்தான் வழி. பேஸ்மென்றில் அத்திவாரச் சுவர் மேல் மரத்தளம் வந்து உட்காரும் இடத்தையும் பாருங்கள். அங்கே செருகியிருக்கும் பைபர்கிளாஸ் துண்டை இழுத்தால் பின்பக்கம் கறுத்திருக்கும். பலர் பூஞ்சணம் என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது தூசுதான். வெளிக்காற்று பல வருடமாக அதனூடாக வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்குக் கடினமான போம் பலகையைச் சற்றுச் சிறிதாக வெட்டி வைத்து, நான்கு ஓரத்தையும் டின் போமால் (டின்னிலிருந்து அடிக்கும் நுரை) அடைத்து, பிறகு டிரைவோல் என்ற ஜிப்சம் பலகையால் மூடிவிடுங்கள்.

டின்னில் வரும் பொலியூரித்தேன் போம் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டிருப்பதால், அடிக்கும் இடத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். டின்னைக் கராஜில் குளிரவிடாமல் வீட்டுக்குள் வைத்திருந்து, நன்றாகக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து அடியுங்கள். பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்; மீதியை அதுவே உப்பி நிரப்பும். கால் அங்குலத்துக்குக் குறைந்த வெடிப்புக்குக் கோக்கிங் (குழாயிலிருந்து பிதுக்கிப் பூசும் பசை) போதும். யன்னல், கதவுச் சட்டங்களுக்கென்று குறைவாக உப்பும் வகை விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். மற்றது சட்டத்தை வளைத்துவிடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். தோலில் இறுகிவிட்டால் கழுவ முடியாது, தேய்ந்துதான் போக வேண்டும். வெளிவரும் வாயு தீப்பற்றும். நெருப்பு எரியும் எதுவும் பக்கத்தில் வேண்டாம், காற்றோட்டமும் இருக்கட்டும்.

போம் என்றதும் வயதானவர்கள் சிலர் தயங்குவார்கள். வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் யூ.எஃப்.எஃப்.ஐ என்று ஒரு பந்தி வருமே, அந்தப் பயம். அது 1970களில் சுவருக்குள் அடித்த யூரியா ஃபோர்மல்டிஹைட் போம். கனடா அதை 1980 டிசெம்பரில் தடைசெய்தது. இப்போது கடையில் வாங்குவது வேறு பொருள்.

பேஸ்மென்றை வாடகைக்கு விடுபவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். இரு குடியிருப்புகளுக்கும் நடுவிலுள்ள சீலிங்கும் சுவரும் நெருப்பைத் தடுத்து நிற்க வேண்டியவை. அங்கே குழாய் போகும் ஓட்டையைச் சாதாரண போமால் அடைக்கவே கூடாது. அந்த இடத்துக்கென்று சோதித்து அங்கீகரித்த, நெருப்பு பரவாமல் மறிக்கும் ஃபயர்ஸ்ரொப் பொருள்தான் வேண்டும். கீழே தூங்குகிறவர்களின் உயிர் இது. புகைபோக்கியைச் சுற்றியும் போம் கூடாது. தகடும் வெப்பம் தாங்கும் சீலன்றும் (அடைக்கும் பசை)தான். அற்றிக்கில் மின்னும் சிறு துகள்களாக வெர்மிகியூலைற் என்ற பழைய வகை இன்சுலேசன் கிடந்தால் கை வைக்காதீர்கள். நுரையீரலுக்கு ஆபத்தான அஸ்பெஸ்ரோஸ் நார் கலந்திருக்கலாம், சோதிக்கக் கொடுங்கள்.

வீட்டை இவ்வளவு இறுக்கினால் மூச்சு முட்டாதா என்று கேட்பார்கள். 1977இல் ரெஜைனாவில் கட்டிய சஸ்காச்சவன் கன்சர்வேஷன் ஹவுஸை மிக இறுக்கமாகக் கட்டினார்கள்; கூடவே வெளியேறும் காற்றின் சூட்டை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவியும் வைத்தார்கள். அடைப்பதும் காற்றோட்டமும் சேர்ந்தே போக வேண்டும். ஆகவே அடைத்த பிறகு சமைக்கும்போதும் குளிக்கும்போதும் விசிறியைப் போடுங்கள். அது வெளியே ஊதுகிறதா, அற்றிக்குக்குள் ஊதுகிறதா என்று பாருங்கள். பேர்னஸின் புகை ஒழுங்காக வெளியே போகிறதா என்று ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். படுக்கையறைக்குப் பக்கத்தில் இருக்கும் கார்பன் மொனொக்சைட் அலாரத்தின் பட்டனை இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.