பிறவி சிஎம்வி: காது டெஸ்டில் பாஸான குழந்தையை ஏன் மறுபடியும் பார்க்க வேண்டும்?

[திரையில்: தூங்கும் பச்சிளம் குழந்தை, காதருகே சிறிய பரிசோதனைக் கருவி]

பிறந்த சில நாட்களில் காது பரிசோதனை செய்கிறார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதே குழந்தைக்கு இரண்டு வயதில் ஒரு காது மங்கத் தொடங்கலாம். நான்கு வயதில் மற்றதும் மங்கலாம். பரிசோதனையில் தவறில்லை, அன்றைக்குக் காது உண்மையிலேயே கேட்டது. கருவிலேயே தொற்றிய ஒரு வைரஸ், பிறந்த பிறகும் தன் வேலையை நிறுத்தவில்லை. அதன் பெயர் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி.

[திரையில்: வைரஸின் வரைபடம்]

ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சின்னம்மை வைரஸுக்கு உறவு. ஒருமுறை உடம்புக்குள் வந்தால் ஆயுள் முழுக்க ஒடுங்கிக் கிடக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு லேசான காய்ச்சல், அசதி, பல நேரம் அதுகூட இல்லை. அதனால்தான் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒன்று இந்தத் தொற்றோடு பிறக்கிறது. சில நாடுகளில் அந்த விகிதம் இன்னும் அதிகம். மரபணு சாராத காரணங்களால் குழந்தைகளுக்கு வரும் காது கேளாமையில் முதலிடம் இதற்குத்தான். இவ்வளவு பரவலான ஒன்றைப் பற்றி எத்தனையோ பெற்றோர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கர்ப்ப காலத்தில் தாய்க்கு முதன்முறையாகத் தொற்றினால், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் அது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவை அடைகிறது. ஏற்கெனவே தொற்று இருந்த தாய்க்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. கர்ப்பம் முதிர முதிர வைரஸ் தாண்டும் வாய்ப்பு கூடுகிறது, சேதமோ குறைகிறது. பெரிய பாதிப்புகள் பெரும்பாலும் முதல் மூன்று மாதத் தொற்றில் வருபவை. ஏன்?

[திரையில்: வளரும் சிசு மூளை, நடுவில் நீரறைகள், அவற்றின் ஓரம் ஒளிர்கிறது]

மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. நரம்பு செல்களைப் பெற்றெடுக்கும் மூல செல்கள் அந்த அறைகளின் ஓரத்தில்தான் குடியிருக்கின்றன. அங்கே பிறக்கும் புதிய செல்கள், பந்தல் காலைப் பற்றிக்கொண்டு கொடி ஏறுவதுபோல, நீண்ட தாங்கு செல்களைப் பிடித்து மேலேறி, மூளையின் வெளி அடுக்கான புறணியில் தங்கள் இடத்துக்குச் சேர வேண்டும். சிஎம்விக்கு இந்த மூல செல்கள் மிக எளிதான இலக்கு. பெருக வேண்டிய செல்கள் அழிகின்றன, மேலேற வேண்டியவை பாதியில் நிற்கின்றன.

எந்த வாரத்தில் தாக்கியது என்பதை மூளையின் வடிவமே பின்னால் காட்டிக்கொடுக்கும். சுமார் 18 வாரத்துக்கு முன் என்றால் மடிப்புகளே உருவாகாமல் மூளையின் மேற்பரப்பு வழவழவென்று நின்றுவிடலாம், தலையும் சிறுத்திருக்கும். 18 முதல் 24 வாரத்துக்குள் என்றால் மடிப்புகள் உண்டு, ஆனால் அளவுக்கு மீறிச் சிறியதாக, நெருக்கமாக. அதற்கும் பிறகு என்றால் மடிப்புகள் சரியாகவே இருக்கும், நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதியில் மட்டும் மாற்றங்கள் தெரியும். செல்கள் அழிந்த இடங்களில், குறிப்பாக நீரறைகளின் ஓரத்தில், சுண்ணாம்புப் படிவுகள் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவதும் உண்டு.

குழந்தையிடம் இது எப்படி வெளிப்படும்? தலை நிற்பது, உட்கார்வது, நடப்பது எல்லாம் தள்ளிப்போகலாம். கை கால் விறைப்பு, வலிப்பு, கற்றலில் சிரமம் வரலாம். கண்ணே நன்றாக இருந்தும், பார்ப்பதை மூளை புரிந்துகொள்ளத் தடுமாறலாம். எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் வராது. ஸ்கேனில் மூளை சீராக இருப்பது நல்ல அறிகுறி.

[திரையில்: உட்காதின் குறுக்குவெட்டு]

காதுக்கு வருவோம். உட்காதில் ஒலியை உணரும் பகுதிக்கு உயிரூட்டும் திரவச் சூழலைப் பேணும் திசுவை வைரஸ் தாக்குகிறது. கேட்கும் திறன் ஒரே நாளில் போவதில்லை. ஏறும், இறங்கும், மெல்லக் குறையும். பக்கத்திலேயே உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் இருப்பதால் அதுவும் பாதிக்கப்படலாம். தாமதமாக நடக்கிற, அடிக்கடி விழுகிற குழந்தையைப் பார்த்துக் கால்தான் பலவீனம் என்று நினைக்கிறோம். காதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தொற்றோடு பிறப்பவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் பிறக்கும்போதே அடையாளம் தெரியும். சிறிய தலை, மஞ்சள் காமாலை, தோலில் செம்புள்ளிகள், வீங்கிய கல்லீரல் போன்றவை. மீதி ஒன்பது பேர் பார்வைக்கு முழு ஆரோக்கியம். அவர்களிலும் 100-க்கு 10 முதல் 15 பேருக்குப் பின்னாளில் காது பாதிக்கப்படுகிறது.

[திரையில்: காலண்டர், 21-ஆம் நாள் வட்டமிடப்பட்டுள்ளது]

இந்த எண்ணை மட்டும் மறக்காதீர்கள்: 21 நாள். பிறந்து மூன்று வாரத்துக்குள் உமிழ்நீரிலோ சிறுநீரிலோ வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்தால்தான், தொற்று கருவிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதன் பிறகு வைரஸ் கிடைத்தால், பிறந்த பிறகு தொற்றியதாகவும் இருக்கலாம். உதாரணத்துக்கு, தாய்ப்பால் வழியாகக்கூட வரலாம், நிறைமாதக் குழந்தைக்கு அதனால் கேடில்லை. எனவே முதல் காது டெஸ்டில் தேறாத குழந்தைக்கு "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால், சிஎம்வி பரிசோதனையை இப்போதே செய்யலாமா என்று கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019-லிருந்தும், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023-லிருந்தும் பிறக்கும் குழந்தைகளின் குதிகால் ரத்தத் துளியிலேயே இதைத் தேடுகின்றன. எல்லா இடத்திலும் இது வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

பாதிப்போடு பிறந்த குழந்தைக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற வாய்வழி மருந்தை ஆறு மாதம் தருகிறார்கள். முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. 2015-ல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் மட்டும் மருந்து எடுத்தவர்களைவிட ஆறு மாதம் எடுத்தவர்களுக்கு இரண்டு வயதில் கேட்கும் திறனும் வளர்ச்சியும் ஓரளவு மேம்பட்டிருந்தன. ஓரளவுதான், அழிந்த நரம்பு செல்களை எந்த மருந்தும் மீட்காது. ரத்த வெள்ளையணுக்கள் குறையக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

மருந்து தரப்படாத, அறிகுறியற்ற குழந்தைக்கும் காது பரிசோதனை பள்ளி வயது வரை தொடர வேண்டும், முதல் சில ஆண்டுகளில் இன்னும் அடிக்கடி. குறைவது தெரிந்ததும் ஹியரிங் எய்டோ, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையால் உட்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியோ பொருத்திவிட்டால் மொழி பின்தங்காமல் பிடித்துக்கொள்ள முடிகிறது. இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

[திரையில்: சிறு குழந்தையும் கர்ப்பிணித் தாயும்]

தாய்மார்களுக்கு ஒன்று. இது உங்கள் குற்றமில்லை. தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. தொற்று பெரும்பாலும் வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தைகளின் எச்சிலிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் வருகிறது. கர்ப்பமாக இருக்கும்போது மூத்த குழந்தை மிச்சம் வைத்ததைச் சாப்பிட வேண்டாம், ஒரே ஸ்பூனைப் பகிர வேண்டாம். உதட்டில் முத்தமிடுவதற்குப் பதில் நெற்றியில் முத்தமிடுங்கள். டயப்பர் மாற்றியதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பிறவி சிஎம்வி உள்ள குழந்தையின் எச்சிலில் வைரஸ் சில ஆண்டுகள் இருக்கத்தான் செய்யும். அதற்காக அந்தக் குழந்தையைப் பள்ளியிலிருந்தோ விளையாட்டிலிருந்தோ யாரும் விலக்கி வைக்கத் தேவையில்லை. வெளியே ஆரோக்கியமாக ஓடியாடும் எத்தனையோ சிறு குழந்தைகளின் எச்சிலிலும் அதே வைரஸ் இருக்கிறது.