புளியமரம் வெட்டியாச்சு சார்

(காட்பாடியில் இதழியல் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஒருத்தன் பேச்சைக் கேட்க உட்கார வைப்பது தண்டனைதான். அதனால் என் மானம் போன கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தூக்கம் வராது.

2021 நவம்பர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலாற்றில் வெள்ளம். மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கௌண்டன்யா ஆற்றுத் தண்ணீர் குடியாத்தத்துக்குள் புகுந்தது. அன்றைக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சாலை முழுக்கத் தண்ணீர், ஓரத்தில் பெரிய புளியமரம். அனுப்பியவர் தெரிந்தவர். குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைப் போட்டு, 'சாலை துண்டிப்பு' என்று என் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பத்தே நிமிஷத்தில் ஒரு கமெண்ட்: "இன்னா சார் நீங்க, இது பழைய படம். அந்தப் புளியமரத்த ரோடு அகலம் பண்ணப்பவே வெட்டியாச்சு சார். ரோடு நல்லாத்தான் கீது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கமெண்டை அழித்தேன். இருபது வருஷ நிருபருக்கு நேற்றைய மழையில் முளைத்த காளான் பாடம் எடுப்பதா என்கிற கொழுப்பு. அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் குடியாத்தம் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அது சுற்றியது. படம் தப்பு என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 'சொன்னா அழிச்சிட்டாரு' என்பதுதான் பேச்சு.

ராத்திரி அந்தப் பையனைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். அவன் சண்டை போடவில்லை. "குத்தம் சொல்ல வரல சார். ஒங்க போஸ்ட்ட பாத்துட்டு ஆட்டோக்காரரு எங்கம்மாவ 14 கிலோமீட்டர் சுத்தி இட்டுனு வந்தாரு. அவங்களுக்கு முட்டிவலி. அதான் எழுதினேன்" என்றான். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அச்சுக் காலத்தில் எங்களுக்கு இந்த வம்பே கிடையாது. தப்பு வந்தால் வாசகர் இன்லாண்டு லெட்டர் எழுதுவார். அது மேசைக்கு வந்து சேர மூன்று நாள். ஆசிரியருக்கு மனசு வந்தால், ஏழாம் பக்கத்து மூலையில், ராசிபலனுக்குக் கீழே ஒரு 'வருந்துகிறோம்' வரும். தப்பு முதல் பக்கத்தில், வருத்தம் ராசிபலனுக்குக் கீழே! இதைச் சரிசெய்யத்தான் தி இந்து ஆங்கில நாளிதழ் 2006-ல் 'ரீடர்ஸ் எடிட்டர்' என்று ஒருவரை வைத்தது. வாசகர் புகாரைக் கேட்டு, சொந்தப் பத்திரிகையின் தவறைப் பத்திரிகையிலேயே எழுதுவது அவர் வேலை. நியூயார்க் டைம்ஸில் ஜேசன் பிளேர் என்ற நிருபர் இட்டுக்கட்டி எழுதியது 2003-ல் அம்பலமானதும், அங்கேயும் இதே மாதிரி வேலைக்கு 'பப்ளிக் எடிட்டர்' வந்தார். 2017-ல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். சமூக ஊடகத்தில் இருக்கும் வாசகர்களே இனி காவல் காப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எனக்கு அதில் சம்மதமில்லை. கூட்டம் கத்தும், சரி. அதை உட்கார்ந்து கேட்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் வேண்டாமா?

நம் ஊரில், தாலுகா நிருபருக்கு ரீடர்ஸ் எடிட்டரும் அவர்தான், செய்தியைச் சரிபார்த்துத் திருத்தும் டெஸ்க்கும் அவர்தான், சில நாள் டிரைவரும் அவர்தான். அதனால் எனக்கு நானே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கமெண்டில் ஒரு இடம், ஒரு எண், ஒரு பெயர், ஒரு மரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், எவ்வளவு மோசமாகத் திட்டியிருந்தாலும் அதை விசாரிப்பேன். தப்பு என் பக்கம் என்றால் பதிவை அழிக்காமல், அதன் தலையிலேயே 'திருத்தம்' என்று நேரத்தோடு போட்டு, சொன்னவருக்கு நன்றியும் எழுதுவேன். அழித்துவிட்டால், முன்பே பார்த்துவிட்டுப் போனவனுக்குத் திருத்தம் போய்ச் சேராது.

எதுவுமே இல்லாத கமெண்டும் வரும். 2019-ல் பணம் பிடிபட்டு, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் நம் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்களே, அப்புறம் ஆகஸ்ட் 5-ம் தேதி நடத்தினார்களே, அந்த நாலு மாசமும் எனக்கு வந்த ஒரே கேள்வி, "எவ்ளோ வாங்கின?" காலையில் ஒரு கட்சிக்காரர் கேட்பார், மாலையில் எதிர்க்கட்சிக்காரர் கேட்பார். முடிவு வந்தபோது வித்தியாசம் 8,141 ஓட்டு. என் செய்தியால் தோற்றோம் என்றும் சொன்னார்கள், என் செய்தியையும் மீறி ஜெயித்தோம் என்றும் சொன்னார்கள். இரண்டு தரப்புக்கும் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் நிருபர் வேலை போய், வாய்ச்சண்டையே முழுநேர வேலையாகிவிடும்.

இங்கே மாணவிகள் நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்கு வருவது வேறு ரகம். யுனெஸ்கோ 2020-ல் நடத்திய கருத்தாய்வில் பதில் சொன்ன பெண் பத்திரிகையாளர்களில் 73 சதவீதம் பேர், வேலை காரணமாக இணையத்தில் வசையும் மிரட்டலும் வந்ததாகச் சொன்னார்கள். அதை விமர்சனம் என்று நினைத்துப் பொறுத்துப்போகாதீர்கள். ஸ்கிரீன்ஷாட், அந்தப் பதிவின் லிங்க், தேதி, நேரம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். முதலில் பிளாக் செய்துவிட்டு ஆதாரம் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியதும் இணையத்தில் எதையும் பேசலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். மிரட்டல் இன்றைக்கும் குற்றம்தான், சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுக்கலாம். இன்னொன்று, அந்த கமெண்டுகளை நீங்களே உட்கார்ந்து படிக்காதீர்கள். கூட வேலை செய்கிற ஒருவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

அந்தக் குடியாத்தம் பையன் பெயர் என் போனில் 'புளியமரம்' என்றே இருக்கிறது. மழை வலுத்தால் அந்தப் பக்கத்து நிலவரத்துக்கு அவனுக்குத்தான் முதல் போன். போன மழையில் அவனே ஒரு இடத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டான். நானும் அப்படியே போட்டுவிட்டேன். இந்த முறை கமெண்டில் வந்து திட்டியது அவன் அம்மா. திருத்தம் போட்டாயிற்று.

சரி, கேள்வி இருந்தால் கேளுங்கள். மைக்கை அந்தக் கடைசி வரிசைக்குக் கொடுங்கள், அங்கேதான் ரொம்ப நேரமாகச் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.