உறைந்த வரிசைக்குள் ஒளி

நேயர்களுக்கு வணக்கம்.

சன்னல் கண்ணாடி வழியே ஒரு விளக்கொளியைச் செலுத்துங்கள். பிறகு பத்து விளக்குகள். கண்ணாடிக்கு எல்லாம் ஒன்றுதான்: அதே வளைவு, அதே விகிதத்தில் கடத்தல், நிறத்திலும் மாற்றமில்லை. 1960இல் லேசர் பிறந்த பிறகுதான் இந்த அலட்சியத்துக்கு எல்லை உண்டென்று தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க இயற்பியலாளர் பீட்டர் ஃபிராங்கனின் குழு, குவார்ட்ஸ் படிகத்தில் 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியைச் செலுத்தி, அதில் பாதி அலைநீளமுள்ள புற ஊதா ஒளியைப் பெற்றது. அதற்குச் சான்றான சிறு புள்ளி, ஆய்விதழில் அச்சான படத்தில் வரவில்லை. தூசு என்று நினைத்து நீக்கிவிட்டார்களாம். அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒளியின் செறிவுக்கேற்பப் பொருளின் குணமே மாறுவதை நேரிலி ஒளியியல் என்கிறோம். சாதாரணக் கண்ணாடியில் இது மிகமிகச் சிறியது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு கோடி வாட் பாய்ச்சினாலும், கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவின் ஒளிவிலகல் எண்ணில், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் எண்ணில், ஏழாவது தசம இடம்தான் அசையும்.

திரவப் படிகம் இதற்கு நேர்மாறு. 1888இல் தாவரவியலாளர் ரைனிட்சர், ஒரு கொலஸ்டிரால் சேர்மம் 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5 டிகிரியில் மீண்டும் தெளிவதைக் கண்டார். அந்தக் கலங்கிய இடைநிலைதான் திரவப் படிகம். பொதுவாகக் குச்சி போன்ற மூலக்கூறுகள். திரவம்போல் ஓடினாலும் ஒரே திசை நோக்கி வரிசை காக்கும். லேசரின் மின்புலம் அந்த வரிசையை மொத்தமாகத் திருப்பிவிடும். ஒரு நெற்கதிர் சாய்வது வேறு, வயலே சாய்வது வேறு அல்லவா? விளைவு மாபெரியது, ஆனால் மந்தம். மூலக்கூறுகள் திரும்பி வர மில்லி நொடிகள் ஆகும். போதாக்குறைக்கு, ஓயாத வெப்ப அசைவால் ஒளி சிதறும்.

அசைவை நிறுத்த, தகுந்த சேர்மத்தை விரைந்து குளிர்விக்கலாம். படிகமாவதற்கு அவகாசம் இல்லாமல், வரிசை கலையாத கண்ணாடியாக அது உறைந்துவிடும். காட்மியத்தின் கொழுப்பமில உப்புகள் சிலவற்றில் இது நன்றாக நடக்கிறது. ஆனால் உறைந்த குச்சிகள் இனித் திரும்பாதே! பெரிய விளைவைக் கைவிட்டுத்தான் தெளிவைப் பெற்றோம் என்பதை மறைப்பதில் பயனில்லை.

இழந்ததை ஈடுசெய்ய வருபவை நானோத்துகள்கள். அந்த உப்பின் மூலக்கூறு அடுக்குகளே வார்ப்பச்சாக அமைய, காட்மியம் செலினைடு துகள்களை அவற்றுக்குள்ளேயே வளர்க்க முடிகிறது. அடுக்குகள் பிரித்து வைப்பதால் துகள்கள் திரள்வதில்லை. சில நானோமீட்டர் அளவுள்ள இத்துகளில் எலக்ட்ரான்களுக்குக் கிடைப்பவை எண்ணி வைத்த ஆற்றல் படிகள்தாம். செறிந்த ஒளி பட்டால் படிகள் நிறைந்து, துகள் ஒளியை உட்கவர்வது குறைகிறது. கூடவே ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. இங்கே திரும்புவது எலக்ட்ரான், மூலக்கூறு அல்ல. ஆகவே வேகம் நானோ நொடியிலோ அதற்கும் கீழோ இருக்கும். இத்தகைய துகளைத்தான் குவாண்டம் புள்ளி என்கிறோம். அதற்காக 2023இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான எக்கிமோவ் முதலில் அதைக் கண்டதும் கண்ணாடிக்குள்தான், செப்புக் குளோரைடு துகள்களாக.

இரண்டு லேசர் கற்றைகளை, துகள்கள் பொதிந்த இந்தக் கண்ணாடியின் மெல்லிய ஏட்டில் சந்திக்கவிட்டால், வெளிச்சமும் இருளுமாய்க் கோடுகள் விழும். அவை ஒளிவிலகல் எண்ணிலும் பதிந்து, ஒளியைப் பிரிக்கும் நுண்கோட்டு வரிசையான கீற்றணியாகி, தம்மை வரைந்த கற்றைகளையே பிரித்து விசிறும். ஒளியை நிறுத்தினால் கீற்றணியும் இல்லை. எழுதி உடனே அழியும் ஹோலோகிராம் இது.

ஒரு எச்சரிக்கை. வெப்பமும் ஒளிவிலகல் எண்ணை மாற்றும், அதுவும் தாராளமாக. தொடர் லேசரால் அளந்து வியப்பூட்டும் எண்ணைச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சூட்டின் பங்கு எவ்வளவு என்பதைத்தான். விட்டுவிட்டு ஒளிரும் லேசரானால், ஒவ்வொரு ஒளித்துடிப்பின் நீளத்தையும் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியையும் சொல்லாத அளவீட்டை ஒதுக்கிவிடுவேன்.

சூடு இன்னொரு தொல்லையும் தரும். லேசர் படும் இடம் அளவுக்கு மீறிக் காய்ந்தால், உறைந்த வரிசை இளகிப் படிகமாகி, அந்தப் புள்ளி மட்டும் பால்போல் மங்கிவிடும். அப்போது மாதிரியைச் சற்று நகர்த்தி, தெளிந்த வேறோர் இடத்தில் முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.

வணக்கம்.