எண்களை ஒப்பிப்பதும் எண்ணுவதும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை தடங்கலின்றிச் சொல்லிவிட்டால், அதற்கு எண்ணத் தெரிந்துவிட்டது என்று நாம் பூரித்துப் போகிறோம். அந்தக் குழந்தையின் முன் ஐந்து பொத்தான்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு ஐந்து வரை எண்ணும், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தைக் குறிக்கிறது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. எண்ணுதலில் அடங்கியுள்ள இத்தகைய நெறிகளை ரோஷெல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் என்னும் உளவியலாளர்கள் 1978-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இந்தப் புரிதல் மனப்பாடத்தால் வருவதில்லை. கையால் எடுத்து, வைத்து, பங்கிட்டு விளையாடும்போதுதான் வருகிறது. பொம்மைகளுக்கு ஆளுக்கொரு கிண்ணம் வைக்கும் குழந்தை, ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தத்தைத் தானே கண்டுகொள்கிறது. ஒரு கிண்ணம் குறைந்தால், "இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். அந்தச் சிறு மௌனத்தில்தான் குழந்தை யோசிக்கிறது. நாமே விடையைச் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

தாயம் போலக் கட்டங்களில் காய் நகர்த்தும் விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எண்கள் எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே விளையாடிய சிறுவர்களின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்களுக்குப் பதிலாக நிறங்கள் இருந்த பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. காய் ஐந்தில் நிற்கும்போது இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தாமல், கட்டத்தில் உள்ளபடியே "ஆறு, ஏழு" என்று சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். காய் முன்னேற முன்னேற எண்ணும் பெரிதாகிறது என்பதைக் கண்ணும் கையும் காதும் ஒருசேர உணரும்.

கட்டைகளை அடுக்கும்போது உயரம், நீளம், மேலே, நடுவில் போன்ற சொற்களை நாம் இயல்பாகப் புழங்கினாலே போதும். வடிவமும் அளவும் அவற்றோடு சேர்ந்தே மனத்தில் பதியும்.

எண்ணும்போது குழந்தை ஒன்றை விட்டுவிட்டாலோ, ஒன்றையே இருமுறை எண்ணிவிட்டாலோ, "தப்பு" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "எண்ணியதை எல்லாம் இந்தப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டே எண்ணலாமா?" என்று கேட்டு, நீங்களும் அருகில் அமர்ந்து முதல் பொத்தானை நகர்த்திக் கொடுங்கள், மற்றவற்றைக் குழந்தையே நகர்த்தட்டும்.

நன்றி, வணக்கம்.