பிளஃப்: மலை விட்டது, வாய்க்கால் விடவில்லை

அவையோருக்கு வணக்கம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்கிழக்கு மூலையில், சான் ஹுவான் ஆற்றின் வடகரையில் இருக்கிறது பிளஃப். சுமார் 250 பேர் வாழும் சிற்றூர். பின்னால் செம்மணற்பாறைச் சுவர், முன்னால் ஆறு, அக்கரையில் நவஹோ என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைச் சுற்றித்தான்.

இந்த ஊர் என்றாலே வண்டிப் பயணக் கதையைத்தான் சொல்வார்கள். யூட்டாவில் வேரூன்றிய மோர்மன் என்னும் கிறித்தவப் பிரிவின் திருச்சபை குடியேற அனுப்பிய ஏறத்தாழ 250 பேர், 83 வண்டிகளோடு 1879 இறுதியில் மேற்கேயுள்ள எஸ்கலாண்டே என்ற ஊர்ப் பக்கமிருந்து கிளம்பினார்கள். ஆறு வாரப் பயணம் என்று போட்ட கணக்கு ஆறு மாதமாக நீண்டது. வழியில் குறுக்கிட்ட கொலராடோ ஆற்றுக்கு 300 மீட்டர் மேலே, செங்குத்துப் பாறையில் ஒரு பிளவு. அதை வெடிவைத்து அகலப்படுத்தினார்கள். கீழே ஓரிடத்தில் பாதை போட நிலமே இல்லை. பாறைச் சுவரில் வரிசையாகத் துளையிட்டு, கருவாலி முளைகளை அறைந்து, அவற்றின் மேல் கட்டையும் புதரும் கல்லும் பரப்பினார்கள். உள்பக்கச் சக்கரம் ஓடப் பாறையிலேயே தடம் செதுக்கினார்கள். 1880 ஜனவரி 26 அன்று, பின்சக்கரங்களைச் சங்கிலியால் பூட்டி, பின்னால் ஆட்கள் கயிறு பிடித்து இழுத்து நிறுத்த, வண்டிகள் இறங்கின. அன்றே 26 வண்டிகள் ஆற்றைக் கடந்தன. அந்தப் பாதையின் அடிப்பகுதி இப்போது, பிற்பாடு அந்த ஆற்றில் அணை கட்டியதால் உருவான பவல் ஏரிக்குள் கிடக்கிறது.

போக வேண்டிய இடம் இன்னும் கிழக்கே, மான்டசூமா ஓடை. ஏப்ரல் 6-ஆம் தேதி ஆளும் மாடும் ஓய்ந்துபோய் நின்ற இடமே பிளஃப் ஆனது. இடம் பார்த்துக் கட்டிய ஊரல்ல. பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் வேர் அங்கேதான் என்பேன்.

வானத்தை நம்ப முடியாது. எனவே ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். சான் ஹுவான் வண்டல் சுமக்கும் ஆறு. படுகை முழுக்க மணல், நீரோட்டம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நீர் இறங்கினால் தலைமதகுக்கு எட்டாது. ஏறினால் மதகையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். சமதரையில் வெட்டிய வாய்க்காலுக்குச் சரிவு குறைவு. வேகம் குறைந்ததும் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். மணல் கரை வேறு, ஊறினால் பொலபொலவென்று சரியும். மரக்கட்டைகளைப் பெட்டியாக அடுக்கிக் கல் நிரப்பிக் கரைக்கு முட்டுக்கொடுத்தார்கள். அடியில் மணல் அரித்ததும் அதுவும் சாய்ந்தது. தூர்வாரி முடிப்பதற்குள் பயிர் காய்ந்துவிடும். 1884 வெள்ளம் வயல்களையே அள்ளிப்போனது. பலர் மூட்டை கட்டினார்கள்.

மீந்தவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் மாறினார்கள். பணம் அதில்தான் வந்தது. ஊரில் நிற்கும் பழைய கல்வீடுகள் அந்தக் காலத்தவை. விவசாயம் வடக்கே, மழை கொஞ்சம் கூடுதலான மேட்டு நிலத்துக்கு ஏறியது: 1880-களின் பிற்பகுதியில் மான்டிசெல்லோ, 1905-இல் கிரேசன். ஒரு செல்வந்தர் தம் விருப்பப்படி பெயர் மாற்றும் ஊருக்கு நூலகம் தருவதாகச் சொல்ல, கிரேசன் அவர் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரான பிளாண்டிங்கை ஏற்றுக்கொண்டது. இன்று வட்டாரத்தில் பெரிய ஊர் அதுதான்.

பிளஃப்புக்குத் தண்ணீர் கடைசியில் காலடியிலிருந்தே வந்தது. ஆழத்தில் நவஹோ மணற்பாறை அடுக்குக்குள் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. துளைத்தால் தானாகப் பொங்கும். அந்த ஆர்ட்டீசியன் கிணற்று நீர்தான் இன்றும் ஊருக்குக் குடிநீர்.